அணைக்குப் போதும் படகு, கடலுக்குப் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூண்டில் மீன்பிடிப்பு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராடு, ரீல், நரம்பு (தூண்டில் நூல்), லூர் (செயற்கை இரை) எல்லாம் விவரமாக இருந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து பைபர் படகை வண்டியில் ஏற்றிக்கொண்டு பரங்கிப்பேட்டைப் பக்கம் கொடுவா பிடிக்கப் போகிறவர்களுக்கு அவசரமாகத் தெரிய வேண்டியவை மட்டும் அதில் இல்லை. படகை எப்படித் தயார் செய்வது, வண்டியை எப்படித் தயார் செய்வது என்பதைத்தான் சொல்கிறேன். அணைத் தண்ணீரில் ஓடிப் பழகிய படகு உப்பைப் பார்த்ததில்லை. மேட்டு நிலத்தில் ஓடிப் பழகிய வண்டி இவ்வளவு பெரிய பொருளோடு தொப்பூர் இறக்கத்தில் இறங்கியதில்லை. கெட்டுப்போகிற பயணங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில்தான் கெடுகின்றன.

நம் பிள்ளைகள் பார்த்துக் கற்கும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிக்கப் போகிறவர்கள் எடுத்தவை. உடலில் வரிவரியாகக் கோடு ஓடும் அந்த மீனும் நம் கொடுவாவும் ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் நடமாடுபவை. அது முட்டையிட ஆற்றில் ஏறும், கொடுவா முட்டையிடக் கடல் பக்கம் இறங்கும். மீன் பிடிக்கும் முறையில் அங்கிருந்து எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. படகை இறக்கும் முறையில் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே சிமென்ட் சரிவில் டிரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னால் தள்ளினால் படகு தானாக மிதந்துவிடும். நம் முகத்துவாரங்களில் பெரும்பாலும் மணலும் சேறும்தான். வீடியோவைப் பார்த்து வண்டியின் பின்சக்கரத்தை உப்புத் தண்ணீரில் இறக்கினால் பிரேக் டிரம்முக்குள்ளும் வீல் பேரிங்குக்குள்ளும் உப்பு போய்விடும். ஓடிச் சூடான பேரிங் குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து அது சத்தம் போடும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. வண்டியைக் காய்ந்த தரையிலேயே நிறுத்தி, பாதி காற்றடித்த மூன்று லாரி டியூப்களின் மேல் படகை உருட்டிக்கொண்டு போங்கள். 12 அடிப் படகுக்கு நான்கு பேர் போதும்.

இனி படகு. முதலில் போல்ட், நட்டு. நம் ஊர்ப் பக்கம் படகில் துடுப்புக் கொண்டி, கயிறு கட்டும் வளையம், இன்ஜின் பிடிக்கும் பலகை எல்லாவற்றுக்கும் சாதாரண இரும்பு போல்ட்தான் போட்டிருக்கும். அணையில் பல வருஷம் தாங்கும் அது, உப்பில் சில பயணங்களிலேயே தின்னப்பட்டுவிடும். மேலே தலை நன்றாக இருக்கும், உள்ளே தண்டு மெலிந்திருக்கும். எஸ்.எஸ். 316 போல்ட்டாக மாற்றுங்கள். விலை குறைவென்று 304 வாங்கினால் உப்பில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். ஒவ்வொரு போல்ட் துளைக்கும் சீலன்ட் வையுங்கள். துளை வழியாகத் தண்ணீர் பைபருக்கு நடுவில் இருக்கும் மரத்துக்குப் போவதுதான் படகின் ஆயுளைக் குறைக்கிறது.

இன்ஜின் மாட்டும் பின்பலகைக்கு உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும். சுத்தியலின் மரப்பிடியால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும், ஊறிப்போன இடத்தில் மொத்தென்று கேட்கும். மொத்தென்று கேட்டால் அந்தப் படகைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். 40 கிலோ இன்ஜின் முகத்துவார அலையில் குதிக்கும்போது அந்தப் பலகை கிழியும். இன்ஜினைப் படகோடு சேர்த்து ஒரு தனிக் கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டிவைப்பது கட்டாயம். முறுக்கி இறுக்கும் அந்த இரண்டு கிளாம்ப்கள் அதிர்வில் தளரும். அரை மணிக்கு ஒரு முறை கையால் இறுக்கிப் பாருங்கள்.

அடியில் தண்ணீர் வடியும் துளைக்கான அடைப்பானுக்கு எப்போதும் ஓர் உபரி வையுங்கள். அதைப் படகிலேயே ஒரு சிறு கயிற்றால் கட்டிவையுங்கள். கரையில் மறந்துவிட்டு இறக்கி, பத்து நிமிஷத்தில் கணுக்கால் அளவு தண்ணீரோடு திரும்பி வருகிறவர்கள் எல்லாத் துறைகளிலும் உண்டு.

பின்பலகையில் வெளியே மாட்டும் இந்த அவுட்போர்டு இன்ஜினில் மூன்று இடத்தைப் பார்த்தால் முக்கால்வாசி கோளாறு முன்கூட்டியே தெரிந்துவிடும். முதலாவது கியர் ஆயில். கீழ்த் திருகைக் கழற்றினால் ஆயில் தெளிவாகவோ கறுத்தோ வர வேண்டும். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தூண்டில்காரர்களின் இன்ஜினில் இதற்கு வழக்கமான காரணம், புரொப்பல்லர் தண்டில் சுற்றிக்கொண்ட நரம்பு. இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு கத்திபோல் ஆயில் சீலை அறுத்துவிடும். புரொப்பல்லரைக் கழற்றி, தண்டைத் துடைத்து, மிச்சம் மீதி நரம்பை எடுத்துவிட்டு, கடல்நீருக்கான கிரீஸ் பூசி மாட்டுங்கள். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்ற வேண்டும், மேல் துளையில் வழிந்த பிறகு முதலில் மேல் திருகை அடைக்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று நின்றுவிடும். திருகின் வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்கட்டும்.

இரண்டாவது, தண்ணீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லர். அணைச் சேற்றிலும் மணலிலும் ஓடிய இம்பெல்லரின் இதழ்கள் ஒரு பக்கமாக வளைந்து அப்படியே இறுகியிருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது மலிவான காப்பீடு. 200 லிட்டர் பேரலில் தண்ணீர் நிரப்பி, இன்ஜினின் காலை, அதாவது தண்ணீருக்குள் நிற்கும் கீழ்ப்பகுதியை, அதில் மூழ்கவிட்டு, நியூட்ரலில் பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் விடாமல் பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் முதலில் அந்தத் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள், குளவி மண் கூடு கட்டியிருக்கலாம். அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் இம்பெல்லர். ‘ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிறதா பார்க்கிறேன்’ என்று தண்ணீர் இல்லாமல் கயிற்றை இழுப்பதுதான் பல இம்பெல்லர்களைக் கொன்றிருக்கிறது. காய்ந்த ரப்பர் தீய்ந்துபோகச் சில விநாடி போதும்.

மூன்றாவது பெட்ரோல். இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கில் டேங்க்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும், இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். முன்பயணத்து மிச்சப் பெட்ரோலை வேறெதற்காவது பயன்படுத்திவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குக் கையேட்டில் 50க்கு 1 என்றிருந்தால் 10 லிட்டருக்கு 200 மில்லி ஆயில். பைக் ஆயில் வேண்டாம். டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்டிருக்கும் படகு ஆயில்தான். பைக் ஆயில் காற்றால் சூடு ஆறும் இன்ஜினுக்கானது, அவுட்போர்டின் உள்ளே கரிதான் சேரும்.

பெட்ரோல் நிரப்பும்போது டேங்க்கை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு போட்ட பாடியில் வைத்தே நிரப்பினால் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை, ஒரு பொறி போதும். இதைச் சொன்னால் அலட்சியமாகச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

இன்ஜினின் காலில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் துண்டை அழுக்கென்று நினைத்துப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அது ஆனோடு. உப்புத் தண்ணீரில் இன்ஜினின் அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே வைக்கப்பட்ட துத்தநாகமோ அலுமினியக் கலவையோதான் அது. பெயின்ட் அடித்தால் வேலை செய்யாது. பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். நன்னீருக்கென்று விற்கும் மெக்னீசியம் ஆனோடு கடலில் வெகு சீக்கிரம் கரைந்துவிடும், வாங்கும்போதே கேளுங்கள்.

நங்கூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்டூர் அணைத் தண்ணீர் நிற்கும் நாகமரை, ஒட்டனூர்ப் பக்கமும் கிருஷ்ணகிரி அணையிலும் ஒரு கல்லைக் கட்டி இறக்கினால் படகு நிற்கும். முகத்துவாரத்தில் நீரோட்டம் மணலில் கல்லை இழுத்துக்கொண்டே போகும். மணலைக் கவ்வும் கொழு உள்ள நங்கூரம், அதோடு இரண்டு மீட்டர் சங்கிலி, அதற்குப் பின் கயிறு. கயிறு ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வேண்டும். 3 மீட்டர் ஆழத்துக்கு 20 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில் கட்டுங்கள். அமரத்தில், இன்ஜின் இருக்கும் பின்பக்கத்தில் கட்டினால் அங்கேதான் படகு தாழ்ந்திருக்கிறது, அங்கேதான் பாரமும் இருக்கிறது. ஓர் அலை ஏறினால் அடுத்த அலைக்குப் படகு மூழ்கும்.

அடுத்தது வண்டி. டாடா ஏஸின் பாடி ஏறக்குறைய 7 அடி, பொலிரோ பிக்கப் 9 அடி சொச்சம். 12 அடிப் படகை இவற்றில் ஏற்றி, மூன்று நான்கு அடி வெளியே நீட்டி, முனையில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் சட்டம் ஒத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. ஒத்துக்கொள்ளாது. பாடிக்கு வெளியே நீளும் சரக்கு குற்றம். ராத்திரியில் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரருக்கு அந்தத் துணி தெரியவும் தெரியாது. 12 அடிப் படகுக்கு 14 அடி பாடி உள்ள வண்டியை வாடகைக்குப் பிடியுங்கள், அல்லது பிக்கப்புக்குத் தகுந்த 9 அடிப் படகு வாங்குங்கள். ஆட்களைப் படகோடு சேர்த்துப் பாடியில் உட்காரவைப்பதும் வேண்டாம். கூடுதல் ஆட்கள் பஸ்ஸில் வரட்டும்.

பெரிய வண்டியில் வேறொரு தொல்லை உண்டு. டன் கணக்கில் சுமக்கும் ஸ்பிரிங் பட்டைகளின் மேல் 300 கிலோ ஒரு பாரமே இல்லை. வண்டி ஒவ்வொரு மேட்டுக்கும் குதிக்கும், பைபர் படகு அதோடு குதித்து அடிப்பகுதியில் முடிபோல் விரிசல் விடும். நிறைபாரத்துக்கான காற்றை டயரில் வைத்துக்கொண்டு போகாமல், குறைந்த பாரத்துக்குக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறக்குங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். படகைக் கவிழ்த்து, விளிம்புக்குக் கீழே பழைய டயர்களைப் பரப்பி வைப்பதே நல்லது. நிமிர்த்தி வைக்கத்தான் வேண்டுமென்றால் அடைப்பானைக் கழற்றிவிடுங்கள். 12 அடிப் படகின் வாய் ஏறக்குறைய 4 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் 200 லிட்டர், அதாவது 200 கிலோ தண்ணீர் நிற்கும். அது சாலை வளைவில் ஒரு பக்கமாகச் சாயும்.

கட்டுவதற்கு நைலான் கயிற்றை நம்பாதீர்கள். நனைந்தால் நீளும். நெம்பி இறுக்கும் பல்சக்கரப் பூட்டு உள்ள இரண்டு அங்குல ராட்செட் பெல்ட் நான்கு வாங்குங்கள். முன்னால் இரண்டைக் குறுக்கே, பின்னால் இரண்டைக் குறுக்கே. படகின் விளிம்பில் பெல்ட் படும் இடத்தில் பழைய டியூப் துண்டு வையுங்கள். கையால் தள்ளினால் படகும் வண்டியும் ஒன்றாக ஆடுகிற அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் ராட்செட்டை இழுத்தால் பைபர் நசுங்கும். பெல்ட்டில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் அதிர்ந்து அறுபடாது. இன்ஜினைப் படகிலிருந்து கழற்றி, தண்ணீர் முழுக்க வடிந்த பிறகு, தலைப்பக்கம் மேலாகவும் கால்பக்கம் கீழாகவும் நிறுத்திக் கட்டுங்கள். கால் மேலே தூக்கினால் மிச்சத் தண்ணீர் சைலன்சர் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும்.

தருமபுரியிலிருந்து புறப்படுகிறவர்கள் நல்லம்பள்ளி தாண்டி, பாளையம் சுங்கச்சாவடிப் பக்கம் ஓரமாக நிறுத்துங்கள். கட்டு முதல் இருபது கிலோமீட்டரில்தான் தளரும், அடியில் பரப்பிய பழைய டயர்கள் அமுங்கிப் படகு உட்கார்ந்திருக்கும். நான்கு பெல்ட்டையும் ஒவ்வொரு கிளிக் இறுக்குங்கள். வீல் நட்டுகளைக் கையால் தொட்டுப் பாருங்கள், மற்றதைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது, ஏனென்றால் அடுத்தது தொப்பூர் கணவாய்.

சேலம் நோக்கிப் போகும்போது அது நமக்கு இறக்கம். அங்கே நடந்த விபத்துகளைத் தங்கள் நாளிதழே எத்தனை முறை வெளியிட்டிருக்கிறது! மேலே ஏற எந்த கியர் தேவையோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் எல்லா வேலையையும் பிரேக் மேல் போடுகிறார்கள். ஆயில் பிரேக் வண்டியில் அந்த ஆயில் நாளாக நாளாக ஈரத்தை இழுத்திருக்கும். டிரம் சூடேறியதும் அந்த ஈரம் ஆவியாகி, மிதித்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். அதனால்தான் பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது. ஏர் பிரேக் என்றால் புறப்படும் முன் டேங்க்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள், முள் முழு அழுத்தம் காட்டாமல் நகர வேண்டாம். இறங்கும்போது பிரேக்கில் காலை ஊன்றிக்கொண்டே இருக்காமல், அழுத்தமாக ஒரு முறை மிதித்து வேகம் குறைத்து, விட்டுவிடுங்கள், அது ஆறட்டும். படகு உள்ள வண்டிக்குக் காற்றுப் பிடிப்பும் அதிகம், பக்கத்தில் கன்டெய்னர் கடக்கும்போது ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடியுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று கணவாயைத் தொடாத வழி இருக்கிறது. சுற்று என்றாலும் முதல் தடவை போகிறவர்கள் அதையே எடுக்கலாம்.

கரைக்குப் போன பிறகு செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் எதையும் தாண்ட முடியாது. மீன்வளத் துறையில் பதிவு இல்லாத படகைக் கடலில் இறக்காதீர்கள். வெள்ளாற்று முகத்துவாரம் மாதிரி இடங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள். எங்கே மணல்திட்டு நகர்ந்திருக்கிறது, எந்த நேரத்தில் வற்றம் (கடல்நீர் வடிவது) இழுக்கும், யாருடைய வலை எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் சொந்தப் படகை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று எண்ண வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், தேதி குறிக்கும்போது உள்ளூர் மீன்வள அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் குறியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போகவே வேண்டாம். மற்ற மாதங்களில் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையை முதல் நாள் மாலையும் அன்று காலையும் பாருங்கள். கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுவது, கரையோரம் தண்ணீர் தட்டையாகத் தெரிந்து ஏமாற்றும். இன்ஜின் நின்றால் அது உங்களைக் கடலுக்கு உள்ளேதான் தள்ளும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், படகின் மூலையில் அல்ல. ஒரு ஜோடி துடுப்பு, இன்ஜினுக்கு உபரி ஸ்பார்க் பிளக், பிளக் கழற்றும் ஸ்பேனர், ஸ்டார்ட்டர் கயிறு, விசில், தண்ணீர் புகாத உறையில் கைபேசி. கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093. இரண்டையும் படகின் உள்பக்கத்தில் பெயின்ட்டால் எழுதிவையுங்கள்.

மீனைப் பற்றி ஒரு வார்த்தை. கொடுவாவின் செவுள் மூடி பிளேடுபோல் இருக்கும். நரம்பின் முனையில் 40 பவுண்டு இழுவை தாங்கும் தடித்த நரம்பு ஒரு மீட்டர் இல்லாமல் போடாதீர்கள், விரலையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிற மீன். படத்துக்காகத் தூக்கிக் காட்டும் மிகப் பெரிய மீன்கள் எல்லாம் முட்டையிடும் தாய்கள். அமெரிக்கக் கடற்கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் குறைந்துவிட்டதென்று, 2023 முதல் 28 அங்குலத்துக்கு மேல் 31 அங்குலத்துக்குள் உள்ள ஒரே ஒரு மீனைத்தான் ஒருவர் ஒரு நாளைக்குக் கடலில் எடுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். வீடியோவில் அந்தப் பகுதியையும் பாருங்கள். நாமும் பெரியதைத் தண்ணீரிலேயே வைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டுவிடலாம். உண்பதற்கு எடுத்ததை உடனே ரத்தம் வடியவிட்டு, குடல் நீக்கி, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ் என்று அடுக்குங்கள். சேலம் வழியாக ஏறக்குறைய 280 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். உருகிய தண்ணீர் வடியாமல் மீன் அதிலேயே ஊறினால் சதை குழைந்துவிடும். பெட்டியின் அடித் துளையைத் திறந்து, வடியும் நீரை ஒரு கேனில் பிடியுங்கள். அது வண்டியின் பட்டைமேல் சொட்டக் கூடாது.

திரும்பி வந்த அன்றே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், இன்ஜினைப் பேரலில் வைத்து 15 நிமிஷம் ஓட்டுங்கள். உப்பு காய்ந்துவிட்டால் கரைப்பது கடினம், உள்ளே தண்ணீர் போகும் மெல்லிய வழிகள் அடைந்துகொள்ளும். பிறகு பெட்ரோல் ஹோஸைக் கழற்றி, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். படகு, பெல்ட், ராட்செட், வண்டியின் அடிப்பகுதி, பட்டை, பிரேக் குழாய் எல்லாவற்றையும் கழுவுங்கள். இதற்கு ஒகேனக்கல் குடிநீரைத் திறந்துவிடாதீர்கள். ஃபுளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் பாழான ஜனங்களுக்காகக் கொண்டுவரப்பட்ட தண்ணீர் அது. போர்வெல் தண்ணீர் போதும். நம் போர்வெல் தண்ணீர் கடினமானது, காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும். அதைத் துணியால் துடைத்தால் போய்விடும், உப்பு அரித்த குழி போகாது. மறுநாள் கியர் ஆயில் திருகை ஒரு முறை திறந்து பாருங்கள். முதல் சொட்டு தண்ணீராக வந்தால் சீல் போயிருக்கிறது, அடுத்த பயணம்வரை அப்படியே விட்டால் பல்சக்கரம் துருப்பிடித்துவிடும்.

மீன்வளத் துறைக்கு ஒரு வேண்டுகோளைத் தங்கள் பத்திரிகை வழியாக வைக்கிறேன். நம் இரண்டு மாவட்டங்களிலும் துறையின் கவனம் ஏரி, அணை மீன் வளர்ப்பில் இருக்கிறது, அது சரிதான். கடலுக்குப் படகேற்றிப் போகிறவர்களுக்குப் பதிவு, உயிர்காப்பு, முகத்துவாரத்தில் படகு ஓட்டுதல் ஆகியவற்றில் ஆண்டுக்கு ஒரு நாள் பயிற்சியாவது கிருஷ்ணகிரி அணையில் வைத்து நடத்தலாம். கடலூர் மாவட்டத்து மீனவர் ஒருவரை அழைத்து வந்து சொல்லவைத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
படகு இன்ஜின் பழுதுபார்ப்பவர்,
தருமபுரி